பாலிசி எடுக்காத பாலிசி

"வேண்டாம்னு சொல்லிட்டேனேம்மா" என்றார் பாலிசி.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் சிரித்த முகம் மாறாமல், அவர் தள்ளிவிட்ட தாளை மறுபடியும் அவர் பக்கமே நகர்த்தினாள்.

"சார், வாடகையோட வர்றது சாதாரண இன்சூரன்ஸ். அது பெரிய விபத்துக்கு மட்டும்தான். கீறல், நசுங்கல், கண்ணாடி, டயர் இதெல்லாம் அதுல சேராது. அதுக்காகத்தான் இந்தக் கூடுதல் பாதுகாப்பு. இதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா நீங்க கண்ணை மூடிக்கிட்டு வண்டி ஓட்டலாம்."

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டறதுக்கு நான் எதுக்கும்மா லைசென்ஸ் வாங்கினேன்?"

"உங்களைச் சொல்லல சார். நீங்க ஒழுங்காத்தான் ஓட்டுவீங்க. எதிர்ல வர்றவன் ஓட்டணுமே."

பாலிசிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சபாஷ் எழுந்தது. அதை அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

பாலிசி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. சொந்தக்காரர்கள் வைத்தது. அவர் ஆயுள் காப்பீட்டு முகவர். எந்தப் பேச்சையும் மூன்றாவது வாக்கியத்தில் மரணத்துக்குக் கொண்டுவந்துவிடுகிற திறமை அவருக்கு இருந்தது. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், அதன் கன்னத்தைத் தடவிக்கொண்டே தகப்பனிடம், "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இது என்ன பண்ணும், சொல்லுங்க" என்பார். தகப்பன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கும்போதே பையிலிருந்து விண்ணப்பப் பாரம் வெளியே வந்துவிடும். குடும்ப விசேஷங்களில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே பாதிப் பேருக்கு அவசரமாக போன் வரும்.

அப்படிப்பட்டவரிடம்தான் இந்தப் பெண் கூடுதல் இன்சூரன்ஸ் விற்கப் பார்த்தாள். அவள் போடுகிற ஒவ்வொரு தூண்டிலும் அவர் தினமும் போடுகிற தூண்டில். வாத்தியார் பரீட்சை ஹாலில் உலாத்துவது போல அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப நீங்க போயிட்டிருக்கீங்க சார். முன்னாடி போற லாரியிலருந்து ஒரு கல்லு தெறிக்குது…"

கல் என்றால் பயம் வராது, ஒரு குழந்தை பந்தை எடுக்க ஓடி வருகிறது என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டார் பாலிசி.

பின்னால் நாற்காலியில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கட்டித் தொலைங்களேன். நேரமாகுது."

"நீ சும்மா இரு. இது என்னோட தொழில்."

"அதனாலதான் சொல்றேன்."

பக்கத்தில் மாமனார். அவருக்குக் காது மந்தம். மெஷின் வைத்திருந்தார், ஆனால் தேவைப்படும்போது மட்டுமே அதைக் காதில் வைப்பார். "அந்தப் பொண்ணு என்னம்மா சொல்லுது?" என்று மகளைக் கேட்டார்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்றாங்கப்பா."

"யாரை? நம்ம மாப்பிள்ளையையா?"

அவர் சத்தமே இல்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. மாப்பிள்ளை தலையில் கட்டிய பாலிசிகளுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் மனிதர் அவர்.

காரை வாடகைக்கு எடுக்க வேண்டிய அவசியம் சகலையால் வந்தது. சகலை என்றால் மனைவியின் அக்கா கணவர். மெத்தைத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். இன்றைக்குப் புதுக் கட்டடத்தைத் திறக்கிறார், மதியம் விருந்து. தொழிலாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாலிசி போட்டுவிடுங்கள் என்று பாலிசி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து மூன்று வருடமாகிறது. கடைசியாக, "விருந்துக்கு வாங்க, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் 'பார்க்கலாம்' விழுந்துவிட்டால் அப்புறம் பாலிசி இரண்டு வருடத்துக்கு யார் குழந்தையின் கன்னத்தையும் தடவ வேண்டியதில்லை.

போன தடவை அங்கே போயிருந்தபோது சகலை எல்லோருக்கும் நடுவில், "பஸ்ஸுலயா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். அதற்காகத்தான் கார்.

"முடிவா என்ன சார் சொல்றீங்க?" என்றாள் கவுண்டர் பெண்.

"முடிவா வேண்டாம்மா. உன் பேச்சு நல்லாயிருக்கு. ஆனா பயமுறுத்தறதுல ஒரு ஏத்த இறக்கம் வேணும். நீ எடுத்த எடுப்புலயே லாரிக்குப் போயிட்ட."

அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. அது அவரை லேசாகச் சங்கடப்படுத்தியது. வேண்டாம் என்று கேட்ட பிறகும் ஒரு விற்பனையாளர் இவ்வளவு நிம்மதியாகச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

கார் வந்து நின்றது. சாம்பல் நிறம். அப்போதுதான் கழுவியிருந்தார்கள் போல, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாலிசி அதைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவர் இப்படிப் பார்க்கவில்லை என்றாள் மனைவி. எங்கேயும் ஒரு குறை இல்லை. 'வண்டியில் எந்தச் சேதமும் இல்லை' என்ற வரிக்குக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

கூடுதல் இன்சூரன்ஸ் எடுக்காத காரை ஓட்டுவது எப்படிப்பட்ட காரியம் என்பது தெருமுனையைத் திரும்பும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் இத்தனை சுவர்கள் இருக்கின்றன என்பதை அவர் அதுவரை கவனித்ததில்லை. சைக்கிள்காரன் ஒவ்வொருவனும் கையில் ஆணியோடு வருவது போலத் தோன்றியது. லாரியைப் பார்த்தால் ஓரம் கட்டினார். காக்கை தலைக்கு மேல் பறந்தால் பிரேக்கை மிதித்தார்.

"மாப்பிள்ளை" என்றார் பின்சீட்டிலிருந்து மாமனார், "தள்ளுவண்டிக்காரர் ஒருத்தர் ஹாரன் அடிக்கிறார், வழி விடுங்க."

"ஜாக்கிரதையா போறேன் மாமா."

"போறீங்களா? நான் நிக்கறோம்னு நினைச்சேன்."

ஒரு குறுகலான சாலையில் எதிரே சிமெண்ட் லாரி வந்தது. பாலிசி பதறிப்போய் ஓரத்தில் ஒதுக்கினார். ஓரத்தில் முள்வேலி. 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கதவில் கேட்டதா, தன் நெஞ்சில் கேட்டதா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து வந்த காபிக் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். வெயில் ஏறி, கார் நன்றாகக் காய்ந்திருந்தது. வேலி பக்கத்துப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே ஆரம்பித்து சக்கரம் வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு. முழ நீளம்.

மனைவி வந்து பார்த்தாள். மாமனாரும் வந்து பார்த்தார். சாவு வீட்டில் நிற்பது போலக் கொஞ்ச நேரம் மூவரும் நின்றார்கள்.

"அந்தப் பொண்ணுகிட்டயே போன் பண்ணிச் சொல்லிடலாங்க" என்றாள் மனைவி.

"சொன்னா? சிரிக்கும். 'நான்தான் அப்பவே சொன்னேனே சார்'னு சொல்லும். அதை நான் கேக்கணுமா? அதே வசனத்தை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"அப்ப என்ன பண்றது?"

பாலிசியின் பார்வை அவள் விரல் நுனியில் போய் நின்றது. வெள்ளி நிற நகப்பூச்சு.

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பலனில்லை. ஐந்து நிமிடத்தில் பாலிசி கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, குட்டிப் பிரஷ்ஷால் கோட்டின் மேல் பூசிக்கொண்டிருந்தார். பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தார்கள். அதுவரை கீறல் என்று ஒன்று இருந்தது. இப்போது அது நகை போட்டுக்கொண்டு நின்றது. வெயில் பட்டதும் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்ணைக் கூசியது.

"பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா எந்தக் கீறலும் போயிடும் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "எங்க ஆபீஸ் டிரைவர் அப்படித்தான் செய்வார்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா."

"எங்கிட்ட யாரு கேட்டா?"

மாமனாரின் பையில் பற்பசை இருந்தது. பல்செட்டை விட்டு அவர் எங்கேயும் போவதில்லை, பல்செட் பற்பசையை விட்டுப் போவதில்லை. பாலிசி கைக்குட்டையில் அதைப் பிதுக்கித் தேய்த்தார். நகப்பூச்சு போனது. உற்சாகம் வந்து இன்னும் தேய்த்தார். கதவில் சாலைப் புழுதி இருந்ததையும், பற்பசையோடு சேர்ந்து அது உப்புக்காகிதமாக வேலை செய்வதையும் அவர் கவனிக்கவில்லை. கையெடுத்துப் பார்த்தபோது, ஒரு தட்டு அகலத்துக்குக் கதவின் பளபளப்பே போயிருந்தது. அதன் நடுவே கீறல் பத்திரமாக இருந்தது.

"முன்ன ஒரு கோடுதான் இருந்துச்சு" என்றாள் மனைவி. "இப்ப ஊரே உருவாயிடுச்சு. புதினா வாசனை வேற."

"எங்க டிரைவர் இவ்வளவு தேய்க்க மாட்டார்" என்றார் மாமனார்.

அடுத்த ஊரில் பெயிண்ட் கடை ஒன்று திறந்திருந்தது. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கார் கதவுக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பா வேணும். சாம்பல் கலர்."

"எந்தச் சாம்பல்?" என்றார் கடைக்காரர் பேப்பரை மடிக்காமலே. "அடுப்புச் சாம்பலா, சிகரெட் சாம்பலா, மழை வர்றதுக்கு முன்னாடி இருக்குமே அதுவா?"

பாலிசி வெளியே போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சிகரெட்" என்றார் கடைசியில்.

காரின் நிறம் சிகரெட் சாம்பல் இல்லை. மழை வருவதற்கு முன்னாடி இருக்கிற சாம்பல். ஆனால் இது அடித்த பிறகுதான் தெரிந்தது. அதிலும் அவர் அடிக்க ஆரம்பித்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. பெயிண்டில் கொஞ்சம் கதவிலும், கொஞ்சம் கண்ணாடியிலும், மீதி, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்த மாமனாரின் வெள்ளைச் சட்டைக் கையிலும் போய் உட்கார்ந்தது.

மாமனார் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். இனி யார் மன்னிப்புக் கேட்டாலும் அது அவரைப் போய்ச் சேராது.

"இது எப்ப காயும்?" என்றாள் மனைவி.

"போற வழியிலேயே காஞ்சிடும்" என்றார் பாலிசி.

காயவில்லை.

சகலை தொழிற்சாலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். விருந்து ஆரம்பித்து வெகுநேரமாகிவிட்டிருந்தது. பாலிசி அவருக்குக் கையை ஆட்டிக்கொண்டே, பெயிண்ட் அடித்த கதவு வெளியே தெரியாதபடி காரைச் சுற்றுச்சுவரோடு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமனாரால் கதவைத் திறக்க முடியவில்லை. அவர் சீட்டிலேயே நகர்ந்து நகர்ந்து, மகள் கை கொடுக்க இந்தப் பக்கமாக இறங்கினார். இறங்கி, பாலிசியை ஒரு பார்வை பார்த்தார்.

"வாங்க சகலை, வாங்க" என்றார் சகலை. "அட, காரு. பிரமாதமா இருக்கே. ஏன் இப்படிச் சுவரோட ஒட்டி நிறுத்தியிருக்கீங்க? மெத்தை லாரி திரும்பணும். கொஞ்சம் முன்னாடி எடுத்து விடுங்களேன்."

முன்னால் எடுத்தால் கதவு திறந்தவெளிக்கு வந்துவிடும். வேறு வழியில்லை. பாலிசி காரை எடுத்து நிறுத்திவிட்டு, ஒரே தாவலில் இறங்கிச் சுற்றி ஓடிவந்து, பின்கதவில் முதுகைச் சாய்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ ரொம்ப நாளாக அங்கேயே நிற்கிறவர் மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க, சாப்பிடலாம்."

"இங்கயே இருக்கேன் சகலை. காத்து நல்லா வருது."

காற்றே இல்லை. தகரக் கூரை வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. வந்த விருந்தாளிகள் எல்லாம் சாப்பிட உள்ளே போகும்போது அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சிலர் காவலாளி என்று நினைத்து வெற்றிலைப் பாக்குப் பை எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். மனைவி ஒரு தட்டில் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டார். முதுகை மட்டும் எடுக்கவில்லை.

கடைசியில் சகலையே அவரைத் தேடி வந்தார். நல்ல சாப்பாடு, நல்ல கூட்டம், மனிதர் குளிர்ந்து போயிருந்தார். பின்னாலேயே மாமனாரும் மனைவியும் வந்தார்கள்.

"சகலை, நீங்களும் எத்தனை நாளா கேட்டுட்டிருக்கீங்க. இன்னிக்கு நல்ல நாள், எதுக்குத் தள்ளிப் போடணும். பேப்பரைக் கொண்டாங்க, போட்டுடறேன்." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

பாரங்கள் முன்சீட்டில் பையில் இருந்தன. எடுக்க வேண்டுமானால் நகர வேண்டும்.

"நீ எடுத்துட்டு வாயேன்" என்று மனைவியிடம் கண்ணால் கெஞ்சினார்.

"கார் சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு" என்றாள் அவள்.

சாவி பேண்ட்டின் பின்பாக்கெட்டில் இருந்தது. அவர் கையைப் பின்னால் விட்டு எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு அடி முன்னால் வைத்தார்.

பிளாஸ்திரியை உரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது.

அவர் முதுகில் முழ அகலத்துக்குச் சாம்பல் பெயிண்ட். கதவில் அவருடைய கட்டம் போட்ட சட்டை அப்படியே அச்சாகியிருந்தது. காலர் மடிப்புகூடத் தெரிந்தது. அச்சுக்கு நடுவில் கீறல், கூடவே மெல்லிய புதினா வாசனை.

"என்ன இது?" என்றார் சகலை.

பாலிசி வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். காதில் மெஷின் இல்லாததால், அவர் ரகசியம் சொன்னாலும் தொழிற்சாலை முழுக்கக் கேட்கும்.

"ஒண்ணுமில்லை. வழியில கீறல் விழுந்துடுச்சு. கீறலுக்கெல்லாம் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்துக்கோங்கன்னு அந்தப் பொண்ணு தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துச்சு. இவர்தான் எடுக்க மாட்டேன்னுட்டார்."

வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் சகலை எடுக்கல?" என்று கேட்டார் சகலை. குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது… அதெல்லாம் சும்மாங்க" என்று ஆரம்பித்தார் பாலிசி. "நடக்கவே போறதில்லாத ஒண்ணைச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பிடுங்கற வேலை. நாம ஜாக்கிரதையா இருந்தா எதுக்கு நமக்கு…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். தன் குரலைத் தானே கேட்டுவிட்டது அவருடைய முகத்தில் தெரிந்தது.

சகலை தலையை ஆட்டினார். "இதைத்தானே நான் மூணு வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்" என்றார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே எனக்குச் சந்தேகமே இல்லை."

அதற்கப்புறம் பாலிசிக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு லட்சியம்தான். கவுண்டர் பெண்ணிடம் தோற்கக் கூடாது. சகலையின் பாலிசி போனது, மாமனார் இவரோடு பேசவில்லை, சட்டை போனது. இவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு கீறலுக்குத் தண்டம் கட்டுவது மட்டும் முடியாது.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை ஒன்றை விசாரித்துப் போனார்கள். பெயிண்டர் கதவைக் கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தார், கிட்டத்தில் வந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"இதை முதல்ல எத்தனை பேர் ரிப்பேர் பண்ணினாங்க?"

"ஒருத்தர்தான்" என்றாள் மனைவி.

"கீறல் மட்டும் இருந்திருந்தா தொட்டு விட்டிருக்கலாம். இப்ப முழுக் கதவையும் சுரண்டி எடுத்து, புதுசா அடிச்சு, பாலிஷ் போடணும். நாளைக்குத்தான் கிடைக்கும்."

அவர் கேட்ட கூலி, காலையில் வேண்டாம் என்று தள்ளிய கூடுதல் இன்சூரன்ஸைப் போலப் பல மடங்கு. போதாததற்குக் காருக்கு இன்னொரு நாள் வாடகை. பாலிசி பர்ஸை எடுத்தார்.

"யோசிச்சுக்கோங்க" என்றாள் மனைவி. "கீறலுக்கு அந்தப் பொண்ணு கேக்கறது இதைவிடக் குறைச்சலா இருக்கப் போகுது."

"பணம் பெரிசில்லை. மனுஷனுக்கு ஒரு பாலிசி வேணும்."

"அதைத்தான் காலையில அந்தப் பொண்ணும் சொல்லிச்சு."

அன்றிரவு சகலை வீட்டில்தான் தங்க வேண்டியிருந்தது. படுக்கப் புது மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பத்து வருட உத்தரவாதம் உண்டு என்று சகலை சொல்லிவிட்டுப் போனார். பாலிசிக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பட்டறையில் காரைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெயிண்டர் கெட்டிக்காரர். மழைக்கு முந்தைய சாம்பல் அப்படியே அச்சாகப் பொருந்தியிருந்தது. எது புதுப் பெயிண்ட், எது பழசு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாலிசி விரலால் தடவினார், கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

திரும்பும்போது தள்ளுவண்டிகள், சைக்கிள்கள், நடந்து போகிறவர்கள் என்று எல்லோரையும் முன்னால் போகவிட்டு, காரை வாடகை ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கவுண்டர் பெண் அதே சிரிப்போடு வெளியே வந்தாள். கையில் அட்டையும் பேனாவும். மற்ற பக்கங்களைச் சும்மா பார்த்துக்கொண்டே நேராக அந்தப் பின்கதவுக்கு வந்தாள். நின்றாள். குனிந்தாள். கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்துச் சக்கரம் வரைக்கும் இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் மேலே போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அவளுடைய சிரிப்பு போய்விட்டது. இரண்டு நாளில் முதல் தடவையாக.

பாலிசியின் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. போன பாலிசி, போன சட்டை, போன பணம் எல்லாம் அந்த ஒரு கணத்தில் வட்டியோடு திரும்பி வந்தது போல இருந்தது.

"என்னம்மா தேடற?" என்றார்.

"ஒண்ணுமில்லை சார்."

"சேதம் ஏதாவது?"

"இல்லை சார்." அவள் மறுபடியும் கதவைப் பார்த்தாள். "எதுவும் இல்லை."

"அப்ப எழுதிக் குடு. ஒரு கீறல்கூட இல்லைன்னு எழுதிக் குடு."

அவள் எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக உள்ளே போனாள்.

"பாத்தியா முகத்தை?" என்றார் பாலிசி மனைவியிடம். "தொழில் தெரிஞ்சவன்கிட்ட விளையாடினா இதுதான். நாம அசந்திருந்தா நம்ம தலையில கட்டியிருப்பா."

"சரி, கிளம்பலாம் வாங்க."

அப்போது மாமனார் பையைத் துழாவிவிட்டு, ஒரு நாள் மௌனத்தைக் கலைத்தார். "மெஷினைக் காணோம் மாப்பிள்ளை. பின்சீட்டுலதான் விழுந்திருக்கும்."

அவர் பேசிவிட்டதே பாலிசிக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் போய் ஆட்டோ பாருங்க, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் குப்புறப் படுத்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். மெஷின் ஆழத்தில் போய்ச் சிக்கியிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

கார் கழுவுகிறவர் வாளியும் குழாயுமாக வருகிற சத்தம் கேட்டது. கவுண்டர் பெண்ணும் மறுபடி வெளியே வந்தாள்.

"அண்ணே, தண்ணி அடிக்காதீங்க. முதல்ல இந்தக் கதவைப் பாருங்க."

வாளியைக் கீழே வைக்கிற சத்தம். பாலிசியின் தலைக்குப் பக்கத்திலேயே, கதவுக்கு வெளியே ஒரு கை மேலும் கீழும் தடவியது. ரொம்ப நேரம் தடவியது. பிறகு அந்த மனிதர், துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்:

"எந்தப் பாவிம்மா இதை அழிச்சது, ஈரம் காஞ்சதும் தெரியற அந்த ஒத்தைக் கீறலைக் காட்டி எத்தனை பேர்கிட்ட தண்டம் வாங்கியிருக்கோம், இந்த ஆபீஸ் வாடகையே அதுலதானே ஓடிட்டிருந்துச்சு."